அம்மாயியோட தகரப் பெட்டி: ப்ராஜெக்ட்டுக்கு எப்பிடி எடுத்துட்டு போறது?

கோத்தகிரி_குளிரு:
வணக்கம் எல்லாருக்கும். கோயம்புத்தூர்ல ஓவியம் படிக்கறேன், கடைசி வருசம். ஊரு கோத்தகிரி பக்கம், டான்டீங்கற அரசு தேயிலைத் தோட்டத்து லயன்ல (வரிசையா கட்டுன தொழிலாளர் வீடு) பொறந்து வளந்தவ. எங்க அம்மாயி 1970கள்ல சிலோன்ல இருந்து கப்பல்ல ராமேஸ்வரம் வந்து எறங்குனவங்க. அவங்க கொண்டாந்த தகரப் பெட்டி இன்னும் கட்டிலுக்கு அடில கெடக்கு, உள்ள பாஸ்போர்ட்டு, சிலோன்ல அட்டன்ங்கற ஊர்ல ஸ்டுடியோல எடுத்த ரெண்டு போட்டோ, கொழுந்தெடுக்கறப்ப இடுப்புல கட்டுற படங்கு.

கிளாஸ்ல ன்ஜிடெக்கா அகுன்யிலி கிராஸ்பிங்கற ஓவியர் பத்தி சொன்னாங்க. நைஜீரியாவுல பொறந்து 1999ல 16 வயசுல அமெரிக்கா போனவங்க. குடும்ப போட்டோ, ஊரு பத்திரிகை படம் எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்து அசிட்டோன் தேச்சு பேப்பர்ல ஏத்தி, அதையே செவுரு தரைன்னு ஆக்கி நடுவுல தன்னையும் புருசனையும் வரையறாங்க. பாத்ததும் எங்க லயன் வீட்டு செவுருதான், காலண்டரு எம்ஜிஆரு செத்துப்போன தாத்தா எல்லாம் வரிசையா. என் ப்ராஜெக்ட்ட அம்மாயி பெட்டிய வச்சு அதே மாதிரி பண்றேன்னா மேடம் காப்பிங்கறாங்க. என்ன பண்ணட்டும்?

வர்க்கி_பிரியன்:
அசிட்டோன் யாரு வீட்டு சொத்தும் இல்ல, தாராளமா தேய்ங்க. ஆனா செவுரு அவங்களோடது. யின்கா ஷோனிபரேன்னு ஒரு கலைஞர் பாருங்க, லண்டன்ல பொறந்து லாகோஸ்ல வளந்தவரு, பொம்மைக்கெல்லாம் பளபளன்னு ஆப்பிரிக்க துணி மாட்டி விடுவாரு. அது நெசத்துல ஜாவாவோட பாத்திக் துணிய (மெழுகு வச்சு சாயம் ஏத்துறது) பாத்து டச்சுக்காரன் மில்லுல அடிச்சு மேற்கு ஆப்பிரிக்காவுல வித்த துணி! நம்மளுதுன்னு நெனைக்கறது எங்க சுத்திட்டு வந்துச்சுன்னு தோண்டுறாரு மனுசன். உங்க படங்கையும் அப்பிடி தோண்டுங்க.

கூடலூரான்:
ஒண்ணு சொல்றேன் தப்பா எடுத்துக்காதம்மா, ஆப்பிரிக்கா கலைஞர்கள பாத்துட்டு, அவங்க ஜனங்கள ஏத்திட்டு போன அடிமைக் கப்பலும் நம்ம கதையும் ஒண்ணுன்னு மட்டும் எழுதி வச்சிராத. அந்த ஜனங்கள சங்கிலி போட்டு வித்தானுங்க. நம்மாளுக கங்காணி (தோட்டத்துக்கு ஆள் புடிக்கறவன்) குடுத்த முன்பணத்துல மாட்டி கடன்ல போனவங்க, கஷ்டம்தான், ஆனா வேற கஷ்டம். நம்மளுதுல இருக்கற கூத்தே வேற: 1948ல சிலோன்ல நம்மாளுகளுக்கு குடியுரிமை இல்லன்னு சட்டம் போட்டாச்சு, 1964ல நம்ம பிரதமர் சாஸ்திரியும் சிலோன் பிரதமர் சிறிமாவோவும் உக்காந்து 5,25,000 பேரு உனக்கு 3,00,000 பேரு எனக்குன்னு பிரிச்சாங்க, மிச்சத்த அப்பறம் பாத்துக்கலாம்னு விட்டாங்க. எங்கப்பா நுவரெலியா பக்கம் பொறந்தவரு. "திரும்பி போ"ன்னு அவரு கண்ணால பாக்காத ஊருக்கு அனுப்புனாங்க. அங்க இந்தியாக்காரன், இங்க வந்தா சிலோன்காரன். இத வரைஞ்சா காப்பின்னு எவன் சொல்லுவான்?

மஞ்சூர்_மாப்ள:
எல் அனாட்சுயின்னு ஒரு சிற்பி, கானாவுல பொறந்து நைஜீரியாவுல செட்டில் ஆனவரு, சாராய பாட்டில் மூடிய நசுக்கி செம்புக் கம்பில தச்சு செவுரு உசர சேலை மாதிரி தொங்க விடுறாரு. வெள்ளக்காரன் சரக்க குடுத்து அங்க வியாபாரம் பண்ணுன கதை அதுக்குள்ள இருக்கு. நம்ம மாவட்டத்துல காலி டாஸ்மாக் பாட்டில திருப்பி குடுத்தாத்தான் 10 ரூவா, மூடி சும்மாதான் கெடக்கு 😄

குன்னூர்_அக்கா:
விளையாட்டு போதும் மாப்ள. தங்கம், அம்மாயிகிட்ட கேட்டியா? 2014ல புரூக்ளின்ல பழைய சக்கர ஃபேக்டரிக்குள்ள காரா வாக்கர்ங்கற அமெரிக்க கலைஞர் பிரம்மாண்டமா ஒரு கருப்பின பொம்பள உருவம் வச்சாங்க, மேல பூரா வெள்ளச் சக்கர. கரும்புத் தோட்டத்துல கூலி இல்லாம உழைச்சவங்களுக்காக வச்சது, பாக்க வந்ததுல கொஞ்ச பேரு அது முன்னாடி கேவலமா போஸ் குடுத்து செல்ஃபி எடுத்தாங்க. காலேஜ் ஹால்ல வர்றவங்களும் மனுசங்கதான. அம்மாயி மூஞ்சிய வைக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேட்டுரு.

கோத்தகிரி_குளிரு:
கேட்டேங்க்கா, நேத்து ராத்திரி. போட்டோவ எடுத்துக்க, படங்கையும் எடுத்துக்கங்கறாங்க. பாஸ்போர்ட்ட மட்டும் கையில இருந்து புடுங்கி பெட்டிக்குள்ள வச்சு பூட்டிட்டாங்க. "நாளைக்கு எவனாச்சும் வந்து கேட்டா என்னத்தடி காட்டுறது?"

கூடலூர் அண்ணா, நீங்க சொன்னத அப்பிடியே நோட்டுல எழுதிக்கிட்டேன், கோச்சுக்காதீங்க. பூட்டுன பெட்டிய பூட்டுனபடியே ஹால்ல வைக்கலாம்னு இருக்கேன், உள்ள என்னன்னு காட்டப் போறதில்ல, சுத்தி செவுத்துல மட்டும் போட்டோ. அசிட்டோன் கோத்தகிரில எங்க கெடைக்கும்? ஹார்டுவேர்ல கேட்டா தின்னர எடுத்து நீட்டுறாரு.