பி.எம்.டபிள்யூ இ90: சப்ஃபிரேமை இறக்காம ஆயில் பான் கேஸ்கெட் மாத்தலாமா?

கேள்வி: 325ஐ கார், என்52 இன்ஜின். ஆயில் பான் (இன்ஜினுக்கு அடியில எண்ணெய் நிக்கிற தொட்டி) விளிம்பு முழுக்க எண்ணெய். கேஸ்கெட்டை (கசிவைத் தடுக்கிற அடைப்பு) மாத்த சப்ஃபிரேமை (இன்ஜினைத் தாங்குற முன்பக்க அடிச்சட்டம்) இறக்கியே ஆகணுமா?

பதில்: முதல்ல மேலே பாருங்க. ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கெட் கசிஞ்சாலும் எண்ணெய் வழிஞ்சு பான் விளிம்புலதான் வந்து நிக்கும். நல்லா துடைச்சு, கொஞ்சம் ஓட்டிட்டுத் திரும்பப் பாருங்க. பான்தான்னா சப்ஃபிரேம் இறங்கித்தான் ஆகணும். இன்ஜின் மவுண்ட் அது மேலதான் உக்காந்திருக்கு. இன்ஜினை மேலிருந்து சப்போர்ட் பார்ல தொங்கவிடாம ஒரு போல்ட்டைக்கூடத் தொடாதீங்க. பானுக்கு அடியில ஜாக்கி கொடுக்க முடியாது, கழட்டப்போறதே அதைத்தானே.

பதில்: சப்ஃபிரேமை இறக்க ஸ்டீயரிங் ஷாஃப்டைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி சக்கரத்தை நேரா வெச்சு ஸ்டீயரிங்கைப் பூட்டிடுங்க. அது சுத்திடுச்சுன்னா ஏர்பேக் கிளாக் ஸ்பிரிங் (ஸ்டீயரிங்குக்குள்ள இருக்கிற சுருள் வயர்) அறுந்துடும். சப்ஃபிரேம் உக்காந்திருந்த இடத்தைப் பெயிண்ட்ல குறிச்சுக்குங்க. மாட்டினதும் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

பதில்: இன்ஜின் பிளாக் மெக்னீசியம், பான் போல்ட் அலுமினியம். இறுக்கும்போதே அது நீண்டுடும். பழசைத் திரும்பப் போட்டா தலை முறிஞ்சு, தண்டு பிளாக்குள்ள மாட்டிக்கும். ஸ்டீல் போல்ட் போட்டா ஈரம் பட்டு மெக்னீசியத்தை அரிச்சுடும். முழு செட் புதுசா வாங்குங்க. டார்க் ரெஞ்சால (இறுக்கத்தை அளந்து காட்டுற ஸ்பேனர்) இறுக்கினதுக்கு அப்புறம், குறிச்ச கோண அளவுக்கு இன்னும் திருப்பணும். ஆயில் 6.5 லிட்டர், ஃபில்டரோட.