உறைவிந்தைச் சேமித்துவிட்டால் ஓர் இனம் காப்பாற்றப்பட்டதாகுமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான் கால்நடை இனப்பெருக்கவியல் பயிலும் மாணவன். 2007ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கன் நகரில் உலக நாடுகள் கூடி ஏற்றுக்கொண்ட கால்நடை மரபுவளச் செயல்திட்டத்தை அண்மையில் படித்தேன். மந்தைகளை உயிருடன் பேணுவதையும், விந்தையும் கருக்களையும் உறையவைத்துச் சேமிப்பதையும் அது ஒருசேர வலியுறுத்துகிறது. திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரி செல்சியஸ் குளிரில், விந்து பல பத்தாண்டுகள் கெடாமல் இருக்கும் என்றால், பால் குறைவாகத் தரும் ஓர் இனத்தையே வளர்க்கும்படி ஏழை விவசாயிகளைக் கேட்பது நியாயமா? தேவைப்படும்போது சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாதா?

பதில் 1

விந்தில் இருப்பது பாதி மரபணுத் தொகுதி மட்டுமே என்பதை முதலில் நினைவில் கொள்ளுங்கள். பசுக்கள் அற்றுப்போய் உறைவிந்து மட்டும் எஞ்சினால், வேறோர் இனப் பசுவுக்குக் கருவூட்டி, பிறக்கும் கிடேரிக்கு மீண்டும் அதே இனத்தின் விந்தைச் செலுத்தி, இப்படியே ஐந்து தலைமுறை சென்றால்தான் 32இல் 31 பங்கு, அதாவது ஏறத்தாழ 97 விழுக்காடு, பழைய இனம் திரும்பும். மாடுகளில் இதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அப்போதும் தாய்வழியாக மட்டுமே வரும் மைட்டோகாண்ட்ரியா மரபணுக்கள் திரும்பி வருவதில்லை.

கோழிகளில் நிலைமை இன்னும் கடினம். பறவைகளில் டபிள்யூ என்ற பாலினக் குரோமோசோம் பெண்ணிடம்தான் உண்டு என்பதால், எத்தனை சேவல்களின் விந்தைச் சேமித்தாலும் அது கிடைக்காது. மஞ்சள் கரு பெரிதாக இருப்பதால் முட்டையை உறையவைக்கவும் வழியில்லை. பின்னாளில் விந்தாகவோ முட்டையாகவோ மாறும் ஆதி இனச்செல்களைக் கருவிலிருந்து பிரித்து உறையவைக்கும் முறை வளர்ந்து வருகிறது என்றாலும், அதற்குத் தேர்ந்த ஆய்வகம் வேண்டும்.

நியூசிலாந்துக்குத் தெற்கேயுள்ள எண்டர்பி தீவின் மாட்டினத்தில் ஒரே ஒரு பசு எஞ்சிய நிலையில், 1998இல் அதைக் குளோனிங் செய்தார்கள். அரிய சாதனைதான், ஆனால் பிறந்த கன்று அந்தப் பசுவின் நகல். இனத்துக்குள் இருந்த வேறுபாடுகள் அதனால் மீளவில்லை.

பதில் 2

களத்தில் பணியாற்றும் கால்நடை மருத்துவர் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஓர் இனம் என்ன தரும் என்பதைப் பால் அளவும் எடையும் மட்டும் சொல்லிவிடுவதில்லை. கென்யாவின் செம்மாசாய் செம்மறியாடுகள், இரத்தம் உறிஞ்சும் இரைப்பைப் புழுவைத் தாங்கும் திறன் பெற்றவை. உடல் பருத்த டார்ப்பர் கிடாக்கள் 1970களின் நடுப்பகுதியிலிருந்து அங்கே பரப்பப்பட்டபோது, கலப்பு வரைமுறையின்றி நடந்து, தூய செம்மாசாய் மந்தைகள் அருகிப்போயின. ஈரப்பதம் மிகுந்த பகுதிகளிலோ டார்ப்பர் ஆடுகள் புழுத்தாக்குதலுக்கு ஈடுகொடுக்கவில்லை. புழுக்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. வயலில் நிற்கும் மந்தை அவற்றோடு சேர்ந்து மாறுகிறது. உறைகலனில் இருக்கும் விந்து, சேமித்த நாளிலேயே நின்றுவிடுகிறது.

விவசாயியின் இழப்பைப் பற்றி நீங்கள் கேட்டது மிகச் சரி. பயன் எல்லோருக்கும், செலவு வளர்ப்பவருக்கு மட்டும் என்ற நிலை நீடிக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அருகிவரும் இனங்களை வளர்ப்போருக்குப் பொதுப்பணத்திலிருந்து உதவித்தொகை வழங்கப்படுகிறது. ‘வளருங்கள்’ என்று அறிவுரை மட்டும் கூறுவதைவிட அதுவே நேர்மையான வழி என்பது என் உறுதியான கருத்து.

பதில் 3

எண்ணிக்கை அதிகமாக இருப்பதையே பாதுகாப்பு என்று கொள்வதும் தவறு. ஆயிரம் பசுக்களுக்குப் பத்துப் பொலிகாளைகள் இருந்தால், இனத்தின் பயனுறு எண்ணிக்கை, அதாவது மரபு வேறுபாட்டைக் காப்பதில் உண்மையில் கணக்கில் வரும் எண்ணிக்கை, ஏறத்தாழ 40தான். காளைகள் இரண்டே என்றால் அது 8ஆகச் சுருங்கிவிடும். குறைந்தது 50 வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. உலகெங்கும் பரவிய ஹோல்ஸ்டீன் இனத்தில், 1962இல் பிறந்த ‘சீஃப்’ என்ற ஒரே காளைக்கு 16,000 மகள்கள் இருந்தன. அதன் மரபணு ஒன்றில் இருந்த குறை பெற்றோர் இருவழியிலும் சேரும்போது கரு சிதைந்துவிடும். பல பத்தாண்டுகள் கழித்தே அது கண்டறியப்பட்டது. அதற்குள் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கருச்சிதைவுகள் நேர்ந்திருக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. உறைவிந்தைக் காப்பீடாகவும் மந்தையை மூலமாகவும் கொள்ள வேண்டும் என்று புரிந்துகொள்கிறேன். அப்படியானால் சேமிப்புக்கான காளைகளை எவ்வாறு தேர்ந்தெடுப்பது?

பதில் 3

அழகிய காளையையோ பரிசு பெற்ற காளையையோ தேடாதீர்கள். ஒன்றுக்கொன்று உறவில்லாத காளைகளை, வெவ்வேறு மந்தைகளிலிருந்து தேர்ந்தெடுங்கள். வம்சாவளிப் பதிவு இல்லாத இடத்தில் டிஎன்ஏ பரிசோதனை கைகொடுக்கும். இயன்றால் கருக்களையும் சேமியுங்கள். முதல் பதிலில் கூறப்பட்ட தலைமுறைச் சிக்கல் அதனால் நீங்கும். சேமிப்பை இரண்டு தனித்தனி இடங்களில் பிரித்து வையுங்கள். ஒவ்வொரு காளையின் தொகுப்பிலிருந்தும் ஓர் உறைவிந்துக் குச்சியை (விந்து அடைத்த மெல்லிய குழலை) உருக்கி, விந்தணுக்கள் நகர்கின்றனவா என்று பார்த்த பிறகே அதைப் பதிவேட்டில் ஏற்றுங்கள்.