ஆபீஸ்ல யாரையும் வெளிய நிக்க வைக்காதீங்க, நீங்களும் வெளிய நிக்காதீங்க – புதுசா வந்தவங்களுக்கு

வேலைல சேர்ந்த முதல் வாரமே எல்லாரும் கேக்கறாங்க, "அண்ணா, ஈக்விட்டி டைவர்சிட்டி இன்க்ளூஷன்னு ஒரு ட்ரெயினிங் வந்திருக்கு, பாக்காம கிளிக் பண்ணி முடிச்சிடலாமா?"ன்னு. வேணாம் தம்பி, உக்காந்து பாருங்க. யாரையும் ஒதுக்காம எல்லாருக்கும் நியாயமா இடம் கொடுக்கறத பத்தின ட்ரெயினிங் அது. வெளிநாட்டு ஆபீஸ்ல நாம ஒதுக்கப்படறவங்களாவும் இருப்போம், நமக்கே தெரியாம அடுத்தவங்கள ஒதுக்கறவங்களாவும் இருப்போம், ரெண்டுமே நடக்கும்.

நான் வந்த புதுசுல எங்க டீம்ல ஏழு பேர், அதுல அஞ்சு பேர் தமிழ். மீட்டிங்ல ஒரு சந்தேகம் வந்தா சட்டுன்னு தமிழுக்குத் தாவி, போர்டுல அம்புக்குறி போட்டு, அங்கயே முடிவும் பண்ணிடுவோம். மத்த ரெண்டு பேர்ல ஒரு அம்மா, நோட்டுல தேதி எழுதி அடிக்கோடு போட்டுட்டு பேனாவ பிடிச்சபடியே எங்க மூஞ்சிய மாத்தி மாத்தி பாத்துட்டு இருப்பாங்க, மீட்டிங் முடியறப்போ அந்தப் பக்கத்துல தேதி மட்டும்தான் இருக்கும். ரெண்டு வாரம் கழிச்சு அவங்க பழைய முடிவ வெச்சே வேலை செஞ்சிருந்தது தெரிஞ்சுது, திட்டு அவங்களுக்குத்தான் விழுந்துச்சு. எங்க தப்புன்னு தெரிஞ்சும் நான் வாய தொறக்கல. அது இன்னிக்கும் உறுத்துது.

பிரேக்ல தமிழ் பேசுங்க, தாராளமா பேசுங்க. ஆனா வேலைல ஒரு முடிவு எடுக்கறீங்கன்னா அந்த ரூம்ல இருக்கற எல்லாருக்கும் புரியற மொழில பேசி, மறக்காம ஒரு மெயிலும் போட்டுடுங்க.

"எல்லாரையும் ஒரே மாதிரி நடத்தினா போதாதா?"ன்னும் கேப்பீங்க. போதாது. காது சரியா கேக்காத ஒருத்தருக்காக எங்க வீடியோ கால் எல்லாத்துலயும் கேப்ஷன், அதாவது பேசறது கீழ எழுத்தா ஓடறது, போட ஆரம்பிச்சோம், அதுக்கப்புறம்தான் இங்கத்த ஆளுங்க வேகமா பேசறதுல பாதி எனக்கே பிடிபட்டுச்சு. இதெல்லாம் சலுகைன்னு நெனச்சு கேக்கக் கூச்சப்படாதீங்க. பிரிட்டன்ல 2010 ஈக்வாலிட்டி ஆக்ட் படி, உடல் குறைபாடோ நீண்டநாள் வியாதியோ இருக்கறவங்களுக்குத் தேவையான மாற்றங்கள, நியாயமான அளவுக்கு, கம்பெனி செஞ்சு கொடுத்தே ஆகணும். கனடாலயும் தாங்கவே முடியாத சிரமம்னு நிரூபிச்சா ஒழிய கம்பெனி மறுக்க முடியாது. கேக்கறத மட்டும் எழுத்துல கேளுங்க.

அடுத்தது பேரு. அமெரிக்கால பாஸ்டன், சிகாகோல வந்த வேலை விளம்பரங்களுக்கு கிட்டத்தட்ட 5,000 ரெஸ்யூமே அனுப்பி ஒரு ஆய்வு பண்ணாங்க, 2004ல வெளிவந்துச்சு. தகுதி எல்லாம் ஒண்ணு, பேரு மட்டும் வேற. வெள்ளைக்காரங்க பேருக்கு சுமார் 10 ரெஸ்யூமேக்கு ஒரு அழைப்பு வந்தா, கறுப்பினத்தவங்க பேருக்கு 15 அனுப்ப வேண்டியிருந்துச்சு. அதனால பதில் வரலைன்னா உடனே நம்ம கிட்டதான் கோளாறுன்னு ஒடிஞ்சு போகாதீங்க. வேலை கெடச்சப்புறம் பேர சுருக்கறதும் விடறதும் உங்க இஷ்டம், ஆனா அடுத்தவங்க வாய்க்கு வரலைங்கறதுக்காக சுருக்க வேணாம். ரெண்டு தடவ நிதானமா சொல்லிக் கொடுங்க, கத்துப்பாங்க. அதே மரியாதைய வேற நாட்டுலேந்து வந்தவங்க பேருக்கு நீங்களும் கொடுங்க.

இப்ப சொல்லப் போறது சிலருக்குக் கோவம் வரும், பரவால்ல. புதுசா ஒரு தமிழ் ஆள் சேர்ந்த உடனே "ஊர்ல எந்தப் பக்கம், எந்தத் தெரு, அப்பா பேரு என்ன, குலதெய்வம் எது"ன்னு சுத்தி சுத்திக் கேக்கறோமே, அது எதுக்குன்னு கேக்கறவருக்கும் தெரியும், பதில் சொல்றவருக்கும் தெரியும். கடல் தாண்டி வந்தும் அந்தக் கேள்விக்கு பயந்துட்டு நம்ம பக்கமே வராம தனியா இருக்கறவங்க இருக்காங்க. தயவுசெஞ்சு நிறுத்துங்க. அமெரிக்கால சியாட்டில் நகரம் 2023ல சாதிப் பாகுபாட்ட சட்டம் போட்டே தடை செஞ்சாச்சு, அதே வருஷம் கனடால ஒன்டாரியோ மாகாண மனித உரிமை கமிஷனும் சாதிப் பாகுபாடு தங்களோட சட்டத்துக்குள்ள வரும்னு தெளிவா சொல்லிடுச்சு.

உங்களுக்கே அநியாயம் நடந்தா அன்னிக்கு ராத்திரியே தேதி, நேரம், யார் என்ன சொன்னாங்க, பக்கத்துல யார் இருந்தாங்கன்னு அவங்க சொன்ன வார்த்தையிலேயே எழுதி வைங்க. எச்ஆர் கிட்ட போங்க, ஆனா அவங்க பதிலுக்காகவே காத்திருந்து கெடு தாண்ட விட்டுடாதீங்க. அமெரிக்கால ஈஈஓசி (வேலைல நடக்கற பாகுபாட்ட விசாரிக்கற அரசு அமைப்பு) கிட்ட புகார் கொடுக்க பொதுவா 180 நாள்தான், பல மாநிலங்கள்ல 300 நாள். ஒன்டாரியோ மனித உரிமை ட்ரிப்யூனலுக்கு (இந்த மாதிரி வழக்க விசாரிக்கற தீர்ப்பாயம்) ஒரு வருஷம். விசா கம்பெனி கையில இருக்கேன்னு பயம் வரும், எனக்கும் வந்துச்சு, அதனால மொதல்ல ஒரு வக்கீல் கிட்டயோ இலவச சட்ட உதவி மையத்துலயோ பேசிட்டு அடுத்த அடி வைங்க. அந்தக் குறிப்ப மட்டும் ஆபீஸ் லேப்டாப்புல வைக்காதீங்க, வேலை போற அன்னிக்கு அதுவும் கைய விட்டுப் போயிடும், வீட்ல ஒரு நோட்டுல வைங்க.