முன் பிரேக்கில் கீச்சொலி: பேட் மாற்றி நான்கு மாதம்தான் ஆகிறது, டிஸ்க்கையும் மாற்ற வேண்டுமா?

நாமக்கல் வாசி:
வணக்கம். என்னுடையது 2016 மாடல் பெட்ரோல் கார். 82,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். நான்கு மாதம் முன்பு உள்ளூர்ப் பட்டறையில் முன் பேட் (சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் கட்டை) இரண்டு பக்கமும் மாற்றினேன். போன வாரம் குடும்பத்தோடு கொல்லிமலை போனோம். 70 கொண்டை ஊசி வளைவும் இறங்கிக் காரவள்ளி வந்து சேர்ந்தபோது லேசாகக் கருகல் வாடை அடித்தது. மறுநாளிலிருந்து இடது முன் சக்கரத்தில் கீச்சென்று சத்தம். வேகத்தடைக்கு முன்னால் மெல்ல பிரேக்கைத் தொடும்போதுதான் அதிகம், அழுத்தி மிதித்தால் நின்றுவிடுகிறது. பட்டறையில் காட்டினால், "ரெண்டு டிஸ்க்கும் போச்சு, பேட்டோட சேர்த்து மாத்திடலாம்" என்கிறார்கள். வாரம் மூன்று நாள் அம்மாவை டயாலிசிஸுக்கு இந்த வண்டியில்தான் கூட்டிப்போகிறேன். பயமாக இருக்கிறது, யாராவது சொல்லுங்கள்.

கடலூர் நண்பர்:
ராத்திரி மழையில் நிற்கும் வண்டியா? டிஸ்க்கில் மெல்லிய துரு படிந்து காலையில் கத்தும். நாலு முறை பிரேக் பிடித்தால் போய்விடும். எங்கள் பக்கம் உப்புக்காற்றில் இது தினசரி.

நாமக்கல் வாசி:
இல்லை நண்பரே, ஷெட்டில்தான் நிற்கிறது. காலை, மதியம், மாலை எல்லா நேரமும் வருகிறது.

சேலம் பட்டறைக்காரர்:
தம்பி, டிஸ்க்குக்குக் காசு கொடுக்கும் முன் கொஞ்சம் பொறுங்கள். சக்கரத்தைக் கழற்றி அளந்து பார்க்காமல் டிஸ்க் போச்சு என்று யாரும் சொல்ல முடியாது.

முதலில் கருகல் வாடை. மலை இறங்கும்போது கியரைக் குறைக்காமல் பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் பேட் அளவுக்கு மீறிச் சூடாகி, அதன் மேல்பரப்பு கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகிவிடும். அப்புறம் அது டிஸ்க்கைச் சரியாகப் பற்றாமல் அதிரும். அந்த அதிர்வுதான் கீச்சொலி. லேசாகத் தொட்டால் கத்தி, அழுத்தினால் அடங்குவதும் இதோடு ஒத்துப்போகிறது. ஆனால் சத்தம் ஒரே பக்கம் வருகிறது என்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. ஒரே மலையை இரண்டு சக்கரமும்தானே இறங்கின?

ஒரு சோதனை செய்யுங்கள். பத்து கிலோமீட்டர், முடிந்தவரை பிரேக் போடாமல் ஓட்டிவிட்டு, மெதுவாக நிறுத்தி இறங்குங்கள். இரண்டு முன் ரிம்முக்கும் அருகில் கையைக் கொண்டுபோங்கள், தொடவே வேண்டாம். இடது பக்கம் மட்டும் அனல் அடித்தால் காலிப்பர், அதாவது பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் பாகம், விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பிறகு சக்கரத்தைக் கழற்றி உள்பக்க பேட்டைப் பாருங்கள். வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்து "பேட் நல்லா இருக்கு" என்று அனுப்பிவிடுவது நிறைய நடக்கிறது. வண்டியை ஜாக்கியில் மட்டும் நம்பி வேலை செய்யாதீர்கள், ஸ்டாண்டு கொடுங்கள்.

நாமக்கல் வாசி:
அண்ணா, நீங்கள் சொன்னது சரி. இடது பக்கம் நன்றாகவே அனல் அடித்தது. தெரிந்த மெக்கானிக் ஒருவரை வீட்டுக்கு வரவழைத்துக் கழற்றினோம். வெளி பேட் 8 மில்லிமீட்டர், உள் பேட் 4 மில்லிமீட்டர்தான். இரண்டும் பளபளவென்று இருந்தன. காலிப்பரைத் தாங்கும் இரண்டு ஸ்லைடு பின்களில் (pin) கீழே இருப்பதைக் கையால் அசைக்கவே முடியவில்லை, அதன் ரப்பர் பூட் (உறை) கிழிந்து உள்ளே சேறும் துருவும். பேட் உட்காரும் இடத்தில் இருக்க வேண்டிய கிளிப்பும் இல்லை, போன முறை திரும்பப் போடவில்லை போலிருக்கிறது.

சேலம் பட்டறைக்காரர்:
அப்படியானால் காரணம் கிடைத்துவிட்டது. அந்தப் பின் வழுக்கினால்தான் காலிப்பர் நகர்ந்து இரண்டு பேட்டையும் சமமாக அழுத்தும். அது இறுகினால், பேட்டைத் தள்ளும் பிஸ்டன் இருக்கும் உள்பக்கத்து பேட்தான் அதிகம் தேயும், பிரேக்கை விட்டாலும் உரசிக்கொண்டே சூடாகும். கிளிப் இல்லாததால் பேட் ஆடி இன்னும் கத்தியிருக்கும்.

பின்னைச் சுத்தம் செய்து, துரு குழி விழுந்திருந்தால் புதிது போட்டு, புது ரப்பர் பூட் மாட்டச் சொல்லுங்கள். பிரேக்குக்கென்றே விற்கும் சிலிகான் கிரீஸ் தவிர வேறு எதுவும் வேண்டாம். சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிப்போய் ஸ்லைடு பின் மறுபடி இறுகும். பேட்டை உப்புத்தாளில் தேய்த்துப் போடலாம் என்பார்கள். அது சில நாள்தான் தாங்கும், உள் பேட் பாதி தேய்ந்த நிலையில் அதற்குச் சம்மதிக்காதீர்கள். இரண்டு பக்கமும் புது பேட், கிளிப், பேட்டின் முதுகில் ஒட்டும் ஷிம் என்ற மெல்லிய தகடு எல்லாம் போடுங்கள். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அதிலேயே பொறித்திருக்கும், அளந்து பார்த்து முடிவு செய்யலாம்.

பிஸ்டனை உள்ளே தள்ளும்போது பிரேக் ஆயில் டப்பா நிரம்பி வழிகிறதா என்று பாருங்கள், பெயின்ட்டில் பட்டால் அரித்துவிடும். முடித்ததும் வண்டியை நகர்த்தும் முன், பெடல் இறுகும்வரை மிதியுங்கள். இதை மறந்தால் முதல் பிரேக்கில் பெடல் தரைக்குப் போய்விடும்.

கடலூர் நண்பர்:
வலது பக்க ஸ்லைடு பின்னையும் கழற்றிப் பாருங்கள். அதே கைதானே அதையும் மாட்டியது.

நாமக்கல் வாசி:
நேற்று வேலை முடிந்தது. டிஸ்க்கில் பொறித்திருப்பது 15 மில்லிமீட்டர், அளந்தால் 16.2 இருக்கிறது, அதனால் மாற்றவில்லை. வலது பக்க ஸ்லைடு பின் நன்றாக அசைந்தது, ஆனால் அங்கேயும் ஒரு கிளிப் காணோம். அதையும் போட்டாயிற்று. விடியற்காலையில் காலிச் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 15 வரை நிதானமாகக் குறைத்து, இடையில் ஆறவிட்டு, எட்டு முறை செய்து பேட்டை டிஸ்க்கோடு பழக்கினோம். இன்று அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். போகும் வழியில் பதினோரு வேகத்தடை, ஒரு சத்தமும் இல்லை. ரொம்ப நன்றி அண்ணா.

சேலம் பட்டறைக்காரர்:
சந்தோஷம் தம்பி. 500 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு தடவை ரிம் சூட்டைப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.