ஏஆர்எஸ்301: பிளாஸ்மிடில் ஓடுகிறது, குரோமோசோமில் ஏன் இல்லை?

கேள்வி: நொதிப்பானை
ரொட்டி ஈஸ்டின் 3-ஆம் குரோமோசோமில், எச்எம்எல் (அடக்கி வைக்கப்பட்ட இனச்சேர்க்கை வகை மரபணுப் பகுதி) பக்கத்திலுள்ள ஏஆர்எஸ்301 என்ற ஆரிஜின் (டிஎன்ஏ இரட்டிப்பு தொடங்கும் இடம்) பிளாஸ்மிடில் (தனியாக இருக்கும் சிறு வட்ட டிஎன்ஏ) ஒழுங்காக இயங்குகிறது. குரோமோசோமில் பார்த்தால் 2டி ஜெல்லில் (இரட்டிக்கும் டிஎன்ஏ துண்டுகளை வடிவத்தால் பிரிக்கும் சோதனை) வெளியிலிருந்து வந்த இரட்டிப்பைக் காட்டும் ஒய் வளைவு மட்டும்தான், உள்ளேயே தொடங்கியதைக் காட்டும் குமிழ் வளைவே இல்லை. மரபணுவை அடக்கும் சிர் புரதங்களே ஆரிஜினையும் பூட்டிவிடுகின்றனவா?

பதில்: கவைமுனை
பூட்டு என்பதைவிடப் பிந்திப்போவது என்று சொல்லுங்கள். எச்எம்எல் சைலன்சரில் (அடக்கத்தைத் தொடங்கும் டிஎன்ஏ துண்டு) ஓஆர்சி (ஆரிஜினை அடையாளம் காணும் புரதக் கூட்டு) உட்கார்ந்தால்தான் அடக்கமே நடக்கும். அதாவது ஆரிஜினின் முதல் உறுப்பு அங்கே தயார். சிக்கல், சுமார் 25 கிலோபேஸ் (ஒரு கிலோபேஸ் ஆயிரம் டிஎன்ஏ எழுத்து) தள்ளி இருக்கும் ஏஆர்எஸ்305 என்ற இன்னொரு ஆரிஜின். அது சீக்கிரமே, ஏறக்குறைய எல்லா செல்லிலும் கிளம்பிவிடும். அங்கிருந்து புறப்படும் கவை (டிஎன்ஏ பிரிந்து இரட்டிக்கும் முனை) நிமிடத்துக்கு 1.5 முதல் 3 கிலோபேஸ் ஓடினால், பத்துப் பதினைந்து நிமிடத்தில் எச்எம்எல்லைக் கடந்துவிடும். கடந்த இடத்தில் எம்சிஎம் (ஆரிஜினில் முன்கூட்டியே ஏற்றப்படும், டிஎன்ஏவைப் பிரிக்கும் புரதக் கூட்டு) போய்விடும். எஸ் கட்டத்தில் (டிஎன்ஏ இரட்டிக்கும் கட்டம்) சிடிகே என்ற நொதி அதை மறுபடி ஏற்ற விடாது. ஏஆர்எஸ்305, அதற்கு அடுத்த ஆரிஜின் ஏஆர்எஸ்306 இரண்டையும் நீக்கிய திரிபில் 301 இயங்குகிறது. எனவே முதலில் அண்டை ஆரிஜின்களை நீக்கிப் பாருங்கள், சிர் பிறகு.

பதில்: அகரோஸ்
அதற்கும் முன் ஜெல்லையே சந்தேகப்படுங்கள். நொதியால் வெட்டிய டிஎன்ஏ துண்டின் நடு மூன்றிலொரு பங்குக்குள் ஆரிஜின் இல்லையென்றால், குமிழ் ஒரு முனையைத் தொட்டதும் ஒய் ஆகிவிடும். முதல் ஓட்டம்: 0.4% அகரோஸ், செ.மீ.க்கு 1 வோல்ட், எத்திடியம் (டிஎன்ஏவில் ஒட்டும் சாயம்) இல்லாமல். இரண்டாவது: 1% அளவில், மில்லிலிட்டருக்கு 0.3 மைக்ரோகிராம் எத்திடியம், செ.மீ.க்கு 5 வோல்ட், குளிரறையில். பிரித்தெடுக்கும்போது டிஎன்ஏ சூடானால் கவைகள் நழுவி, குமிழ்கள் குலைந்துவிடும்.

நொதிப்பானை
சரி, ஆரிஜினைப் பிந்த வைப்பது யார்?

பதில்: கவைமுனை
டெலோமியர் (குரோமோசோமின் முனை) அருகே முக்கியமாக ரிஃப்1 புரதம். அது பிபி1 பாஸ்பட்டேஸைக் கூட்டிவருகிறது. ஆரிஜினைக் கிளப்பும் டிடிகே நொதி எம்சிஎம்4-இல் (எம்சிஎம்மின் ஒரு துணையலகு) ஒட்டிய பாஸ்பேட்டை அது கழற்றுகிறது. சிர்3-ஐ நீக்கினாலும் டெலோமியரை ஒட்டிய ஒய்-பிரைம் (திரும்பத் திரும்ப வரும் டிஎன்ஏ தொடர்) ஆரிஜின்கள் முந்துகின்றன, ஆனால் ரிஃப்1-இன் ஆட்சி அதைவிடப் பரந்தது.

பதில்: பிளவு_ஈஸ்ட்
'அடங்கிய பகுதி என்றால் தாமதம்' என்று பொதுவாக எழுதிவிடாதீர்கள். எங்கள் பிளவு ஈஸ்டில் சென்ட்ரோமியரைச் சுற்றிய ஹெட்டரோகுரோமாட்டின் (இறுகி அடங்கிய பகுதி) சீக்கிரமே இரட்டிக்கிறது! அங்கே ஸ்வி6 புரதமே டிடிகேயின் டிஎஃப்பி1 துணையலகைப் பிடித்துக் கொண்டுவருகிறது. ரிஃப்1-ஐச் சோதிப்பதானால் முழு நீக்கம் மட்டும் போதாது. பிபி1 ஒட்டும் இடத்தை மட்டும் மாற்றிய திரிபையும் பக்கத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் டெலோமியர் நீள்வதால் வரும் விளைவும் கலந்துவிடும்.