செயின்ட் லூயிஸ் ஏன் எப்போதும் குற்றப் பட்டியலின் உச்சியில்?

கேள்வி: அமெரிக்காவின் ஆபத்தான நகரங்கள் என்று எந்தப் பட்டியல் வந்தாலும் மிசௌரியின் செயின்ட் லூயிஸ் முன்வரிசையில் நிற்கிறது. நிஜமாகவே அவ்வளவு மோசமா, கணக்கில் கோளாறா?

பதில் 1: இரண்டும்தாங்க. 1876-ல் வாக்கெடுப்பு நடத்தி நகரம் கவுன்ட்டியிலிருந்து (நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) பிரிந்தது. அன்று போட்ட எல்லைதான் இன்றும். 1950-ல் 8,56,796 பேர், 2020-ல் 3,01,578. சுற்றுவட்டாரத்தையும் சேர்த்தால் சுமார் 28 லட்சம். வசதியான புறநகர்கள் கோட்டுக்கு வெளியே. அங்கிருந்து வேலைக்கு வருபவரிடம் நகருக்குள் வழிப்பறி நடந்தால் குற்றம் நகரக் கணக்கில் ஏறும். ஆனால் விகிதம் காண வகுக்கும் நகர மக்கள்தொகையில் அவர் தலை சேராது.

பதில் 2: நேர்மாறு ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில். 1968-ல் டுவால் கவுன்ட்டியோடு ஒன்றானதால் புறநகரும் உள்ளே. விகிதம் தணிந்து தெரியும். ஒப்பிடுவதானால் பெருநகரப் பகுதிக்கான (நகரும் புறநகரும் சேர்ந்த) எண்ணை எடுத்து மூன்றாண்டுச் சராசரி போடுங்கள். 3 லட்சம் பேர் உள்ள ஊரில் 30 கொலை கூடினாலே லட்சத்துக்கு 10 ஏறிவிடும்.

பதில் 3: அந்தச் சராசரியில் 2021-ஐ விட்டுவிடுங்கள். நாட்டின் குற்றக் கணக்கைத் திரட்டும் எஃப்.பி.ஐ. புதிய பதிவுமுறைக்கு மாறிய அந்த ஆண்டில் நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறைகளின் தரவே இல்லை. ஆனால் செயின்ட் லூயிஸில் 2020-ல் 263 கொலைகள், லட்சத்துக்கு 87. எல்லையைக் காட்டி அதை ஒதுக்கிவிடக் கூடாது.