சிர்கோனியம் கூண்டு காரத்தில் சிதைகிறது, பல்லேடியம் கசிகிறது: வழி உண்டா?

சுசூகி இணைப்புக்காக (காரத்தின் துணையோடு, பல்லேடியம் வினையூக்கியால் போரானிக் அமிலத்தை ஹாலைடோடு இணைக்கும் வினை) செய்த பல்லேடியம் ஏற்றிய சிர்கோனியம் கூண்டு (உள்ளே வெற்றிடம் கொண்ட மூலக்கூறு), வினை நடக்கும்போதே உடைகிறது.

கூண்டு: நான்முகி. 4 முனைகளிலும் மூன்று சிர்கோனியம் கொண்ட கொத்து, 6 விளிம்புகளிலும் கொத்துகளை இணைக்கும் லிகண்டாக 2,2'-பைபிரிடின்-5,5'-டைகார்பாக்சிலேட். தயாரிப்பு: சிர்கோனோசீன் டைகுளோரைடு 29.2 மி.கி., லிகண்ட் அமிலம் 12.2 மி.கி. (மோல் விகிதம் 2:1), டிஎம்எஃப் (டைமெத்தில்ஃபார்மமைடு கரைப்பான்) 2 மி.லி., தண்ணீர் 4 சொட்டு, 60 °செ. படிகம் நன்றாகவே வருகிறது. தண்ணீர் கூடினால் மட்டும் வெறும் கூழ். பிறகு அசிட்டோநைட்ரைலில் பல்லேடியம் குளோரைடு ஏற்றம்.

பொட்டாசியம் கார்பனேட், மெத்தனால்-தண்ணீர், 60 °செ-இல் கரைசல் கறுக்கிறது. சூடாக வடிகட்டிய பின்னும் வடிநீரில் வினை தொடர்கிறது, அதாவது வேலை செய்வது கசிந்த பல்லேடியம். என்எம்ஆர் நிறமாலையில், சிர்கோனியத்தோடு பிணைந்த சைக்ளோபென்டாடையீனைல் வளையத்தின் குறிகை தேய்ந்து, தனி லிகண்ட் தெரிகிறது.

டிரைஎத்திலமீனுக்கு மாற்றியும், அறை வெப்பநிலைக்கு இறக்கியும் பார்த்தாயிற்று: சிதைவு மெதுவாகிறது, நிற்கவில்லை. லிகண்டில் முதலில் பல்லேடியம் ஏற்றினால் அது டிஎம்எஃப்-இல் கரைய மறுக்கிறது. காரமே வேண்டாத வினைக்குத் தாவலாம். ஆனால் போரானிக் அமிலத்தை வினைபொருளாகக் கொண்ட இணைப்புதான் இலக்கு.

இந்தச் சிர்கோனியம்-கார்பாக்சிலேட் பிணைப்பு தாங்கக்கூடிய, அதேசமயம் சுசூகி வினையையும் ஓட்டக்கூடிய காரம்-கரைப்பான் இணை எது?